450 என்று எழுதினால் 450 ஆகிவிடுமா?

திருவொற்றியூரிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். விஷயம் இதுதான்: அவர் கணவர் ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் குமாஸ்தா. ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய ‘வொர்க் ஸ்டேஷன்’ கம்ப்யூட்டரைச் சொற்ப விலைக்கு வாங்கி வந்தார், பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைக்காக. பிள்ளையாண்டான் ஒரு மாதம் பாடம் படித்தான். அப்புறம், “இதில் ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் கேம் பிரமாதமாக ஓடும், அம்மா” என்று ஆரம்பித்துவிட்டான். கடைக்காரரோ, “கார்டு போட்டால் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மாற்ற வேண்டும். பழசு வெறும் 320 வாட். புதுசு 450 வாட், மலிவாகத் தருகிறேன்” என்றாராம். அப்பா கூடாது என்கிறார். பிள்ளை சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போகிறான். “நடுவில் நான் விழிக்கிறேன். தீப்பிடித்துத் தொலைக்குமோ என்று வேறு பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?” என்று கேட்கிறார் சகோதரி.

எஸ்.எம்.பி.எஸ். என்பது கம்ப்யூட்டர்ப் பெட்டியின் மூலையில் இருக்கும் தகர டப்பா. சுவரில் வருவது 230 வோல்ட். உள்ளே இருப்பவற்றுக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட் மட்டுமே. மூட்டையாக வந்த அரிசியைப் படியால் அளந்து போடுவதுபோல, இந்த டப்பா மின்சாரத்தை அளந்து கொடுக்கிறது. பிராஸஸரும் கிராபிக்ஸ் கார்டும் பசி தீர்த்துக்கொள்வது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான்.

450 என்ற எண்ணுக்கு மயங்க வேண்டாம். நம் எண்ணூரையே பாருங்கள். 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையத்துக்கு ஐந்து யூனிட்டுகள், மொத்தத் திறன் 450 மெகாவாட். ஆனால் வயதான காலத்தில் அது கொடுத்தது அதைவிட மிகக் குறைவு. 2017-இல் அதை மூடியே விட்டார்கள். பலகையில் எழுதிய எண் வேறு, கையில் வந்து சேர்வது வேறு. மலிவு எஸ்.எம்.பி.எஸ். பலவும் புதிதாக இருக்கும்போதே அப்படித்தான்!

கண்டுபிடிப்பது எப்படி? டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். 12 வோல்ட் என்பதற்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். 16 ஆம்பியர் என்றிருந்தால், 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: 192 வாட். மேலே கொட்டை எழுத்தில் 450 என்றிருந்தாலும், கார்டுக்கு உதவும் சரக்கு இந்த 192-க்குள்தான் அடக்கம்.

சம்பளத்தைப் பிரித்துக் குடித்தனம் நடத்தும் உங்களுக்கு அடுத்த கணக்கு ஒரு பொருட்டல்ல. பழைய பிராஸஸர் 95 வாட், மற்றச் சாமான்கள் 60 வாட் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை கேட்பது ஆர்.டி.எக்ஸ். 3060 மாதிரியான கார்டு என்றால் அது 170 வாட். மொத்தம் 325. இருக்கிற 320 போதாது. கார்டு செய்த கம்பெனியே இதற்கு 550 வாட் சப்ளை வேண்டும் என்கிறது. ஆட்டத்தின் நடுவில் கண நேரத்துக்குத் தேவை எகிறும், டப்பாவும் மூச்சு முட்டாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மிச்சம்.

75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுகளும் இருக்கின்றன. ஜி.டி.எக்ஸ். 1650-இல் சில மாடல்கள் அப்படிப்பட்டவை. மதர்போர்டில் செருகும் இடமே 75 வாட் வரை கொடுத்துவிடும். தனி ஒயர் வேண்டாம். அப்போது மொத்தம் 230 வாட்தான். பழைய 320 நல்ல நிலையில் இருந்தால் அதுவே தாங்கும். நல்ல கம்பெனியின் பழைய 320-ஐக் கழற்றிவிட்டுப் பொய் 450-ஐ மாட்டுவது, தேக்குக் கதவை விற்றுத் தகரக் கதவு போடுவதற்குச் சமானம்.

பெரிய கார்டுதான் வேண்டும் என்றால் மூன்று விஷயங்களில் ஜாக்கிரதை. முதலாவது, ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் பிளக்கும் அளவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 1990-களின் கடைசியில் டெல் கம்பெனி பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும் பிளக்கில் ஒயர்களை மட்டும் இடம் மாற்றி வைத்தது. தெரியாமல் வேறு சப்ளையை மாட்டியவர்களுக்கு மதர்போர்டு போயிற்று. ஆகவே மாடல் நம்பரைச் சொல்லி, பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். ரிட்சி தெருவுக்குப் போகும்போது பழைய டப்பாவையே கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது. இரண்டாவது, ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பிளக்கிலிருந்து கார்டுக்கு இழுக்கும் மலிவு ஒயர் வேண்டவே வேண்டாம். அந்தப் பிளக் தாங்குவது 54 வாட். ஆறு முனைக் கார்டு பிளக் கேட்பதோ 75 வரை. சூடேறி உருகுவது அங்கேதான். மூன்றாவது, அந்தத் தகர டப்பாவைத் திறக்கவே கூடாது. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். சுவிட்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் அது உயிரோடு இருக்கும்.

நம் வட சென்னைக்கு என்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. கடற்காற்றில் உப்பு, கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி. எஸ்.எம்.பி.எஸ். விசிறி இரண்டையும் உள்ளே இழுத்துப் படிய வைக்கிறது. பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெளியிலிருந்து தூசியை ஊதித் தள்ளுங்கள். எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில்தான் மாட்ட வேண்டும். கருகல் வாடை வந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

கரண்டு பில் பயமா? 250 வாட்டில் தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் அறுபது நாளில் 30 யூனிட் ஆகும். அதை மட்டும் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சகோதரிக்கு என் யோசனை: இன்று சாப்பாடு ஆனதும் பிள்ளையைக் கூப்பிட்டு, சீட்டில் உள்ள எண்களை அவனையே ஒரு காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். பெருக்கிக் கூட்டி அப்பாவிடம் அவனே காட்டட்டும். சின்னக் கார்டு இப்போது. பெரிய கார்டும் நல்ல 550-ம் பரீட்சை முடிந்த பிறகு, பணம் சேர்ந்தால். மலிவு 450 மட்டும் எப்போதும் வேண்டாம். “கூடாது” என்று சொன்ன அப்பாவும் கணக்கைப் பார்த்தால் மூக்குக் கண்ணாடியைத் தேடுவார் என்றே நினைக்கிறேன். என்ன நடந்தது என்று, சகோதரி, அவசியம் எழுதுங்கள்.