கவுன்சலிங் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் யார்? பயிற்சி கிளினிக்கில் நடப்பது என்ன?

முதல்முறையாக கவுன்சலிங் போகிறீர்கள். தனியார் கிளினிக் கட்டணம் கட்டுப்படியாகாது என்பதால், மாணவர்கள் பயிற்சி பெறும் ஒரு மருத்துவமனை. அறையில் தெரபிஸ்ட் ஒருவர்தான். ஆனால் பக்கவாட்டுச் சுவரில் பெரிய கண்ணாடி. "அந்தப் பக்கம் எங்க டீம் இருக்காங்க, பரவாயில்லையா?" என்று கேட்கிறார். நீங்களும் தலையாட்டிவிடுகிறீர்கள்.

சிக்கல் அந்தத் தலையாட்டலில்தான் இருக்கிறது.

எதுக்குப் பார்க்கணும்?

ஆபரேஷன் கற்பவர் சீனியரின் பக்கத்தில் நின்று பார்க்கலாம். மனநல சிகிச்சையோ மூடிய அறையில் நடப்பது. பயிற்சியில் இருப்பவர் வெளியே வந்து சொல்வதை வைத்துத்தான் மேற்பார்வையாளர் திருத்த முடியும். ஆனால் எங்கே சொதப்பினோம் என்பது சொதப்பியவருக்கே பல நேரம் தெரியாதே! அதனால்தான் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களிலேயே உரையாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்து, மாணவர்களோடு கேட்டு அலசினார்.

குடும்ப சிகிச்சையில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. அம்மா, மகன், மருமகள் மூவரும் எதிரே உட்கார்ந்து பேசும்போது, தெரபிஸ்ட்டும் தெரியாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். வெளியே இருப்பவருக்கு அது பளிச்சென்று தெரியும். 1970களில் இத்தாலியின் மிலான் குழு இதை ஒரு முறையாகவே ஆக்கியது. இருவர் அறைக்குள், இருவர் கண்ணாடிக்குப் பின்னால். இடைவேளையில் நால்வரும் கூடிப் பேசி, முடிவை மட்டும் குடும்பத்திடம் வந்து சொல்வார்கள்.

அதாவது, குடும்பத்தைப் பற்றிய முக்கியமான பேச்சு குடும்பத்தின் காதில் விழாமலே முடிந்துவிடும்.

விளக்கு மாறிய நாள்

1985 மார்ச். வடக்கு நார்வேயின் ட்ரோம்சோ. மனநல மருத்துவர் டாம் ஆண்டர்சனின் குழு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே ஓர் இளம் தெரபிஸ்ட், நம்பிக்கை இழந்த ஒரு குடும்பம். குழு அவரை வெளியே அழைத்து நம்பிக்கையான கேள்விகளைச் சொல்லி அனுப்புகிறது. உள்ளே போனதும் அவரும் அதே சோர்வில் மூழ்கிவிடுகிறார். கடைசியில் குடும்பத்திடமே கேட்டார்கள்: நாங்கள் பேசுவதை நீங்கள் கேட்கிறீர்களா? அவர்கள் சரி என்றதும் விளக்கும் ஒலியும் இடம் மாறின. இப்போது குழு வெளிச்சத்தில், குடும்பம் பார்வையாளராக.

இந்த யோசனை ஆண்டர்சனுக்கு முன்பே வந்திருந்தும் தயங்கியிருக்கிறார். கண்ணாடிக்குப் பின்னால் குடும்பங்களைப் பற்றி வரும் வார்த்தைகள் அவர்களைக் காயப்படுத்தும் என்ற பயம். குடும்பம் கேட்கிறது என்றானதும் குழுவின் பேச்சே மாறியது. மருத்துவக் கலைச்சொற்கள் குறைந்து சாதாரண மொழி வந்தது. 1987இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது.

இந்தியாவில் என்ன உரிமை?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23 ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. சிகிச்சை அளிப்பதற்காக மற்ற மருத்துவப் பணியாளர்களிடம் தகவலைப் பகிர்வது, யாருக்காவது ஆபத்து என்றால் தடுப்பது போன்றவை விதிவிலக்குகள். அந்தப் பட்டியலில் 'பார்த்துக் கற்கும் மாணவர்' என்று தனியாக ஒரு வரி இல்லை. ஆகவே நோயாளியின் சம்மதம்தான் இங்கே முக்கியம்.

ரிசப்ஷனில் நீட்டப்படும் படிவத்தில் போடும் கையெழுத்து அதற்குப் போதுமா? 'வேண்டாம்னு சொன்னா அப்பாயின்ட்மென்ட் போயிடுமோ' என்று பயந்துகொண்டே போடும் கையெழுத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று சொல்வது கடினம். குறைந்த கட்டணத்துக்கு வருபவர்கள்தான் இந்த நிலையில் அதிகம் மாட்டுகிறார்கள் என்பது கூடுதல் சங்கடம்.

இத்தனைக்கும் டீம் இருப்பது நோயாளிக்கு நஷ்டமல்ல. ஒரு ஜூனியரின் தவறு அன்றே பிடிபடும். தனியார் அறையில் அனுபவசாலியே தவறினாலும் பார்க்க ஆள் இல்லை.

எனவே தலையாட்டும் முன் சிலவற்றைக் கேட்கலாம். அந்தப் பக்கம் எத்தனை பேர், அவர்களில் எனக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா? பதிவு செய்தால் எப்போது அழிப்பீர்கள்? பாதியில் வேண்டாம் என்றால் சிகிச்சை தொடருமா? டீமை ஒருமுறை நேரில் பார்க்கலாமா என்றும் கேட்கலாம். செஷனுக்கு முன் குழுவை அறிமுகம் செய்துவைக்கும் கிளினிக்குகளும் உண்டு.