சிலிக்கான் டியூபை நம்பி ஷெட்டு போடாதீங்க

எங்க அடி அண்ணாமலையில இப்ப எங்க திரும்பினாலும் தகர ஷெட்டுதான். மாடு கட்டவும் மூட்டை அடுக்கவும் நாங்க போட்டது ஒரு பக்கம். பட்டணத்து ஆளுங்க கொஞ்சம் நிலம் வாங்கி, மலையைப் பார்த்து பெரிய ஜன்னல் வெச்சுப் போடுற ஷீட்டு வீடு இன்னொரு பக்கம். ஐப்பசி பொறந்தா அவங்க என்கிட்ட கேக்கறது ஒரே கேள்விதான்: “அண்ணே, ஜன்னலோரம் ஒழுகுது. நல்ல சிலிக்கான் எது?”

அந்தக் கேள்வியே தப்புங்க. கோவத்துல சொல்லல, பட்டுச் சொல்றேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்துச்சு. மறுநாள் நம்ம மலையடிவாரத்துல வ.உ.சி. நகர்ல மண்ணு சரிஞ்சு ஏழு உசுரு போச்சு. அதுக்கு முன்னால என் நஷ்டம் ஒண்ணுமேயில்ல. ஆனாலும் சொல்றேன். ஆடிப்பட்டத்து நிலக்கடலையில வெதைக்குன்னு பொறுக்கி எடுத்து, ஷெட்டுல ஜன்னலுக்குக் கீழ அடுக்கி வெச்சிருந்தேன். ரெண்டு நாள் வாடைக் காத்தோட மழை. கூரையில ஒரு சொட்டு ஒழுகல. ஜன்னல் தலைமாட்டுலயும் கதவு அடியிலயும் தண்ணி கசிஞ்சு கீழ் மூட்டையெல்லாம் ஊறிப் போச்சு. தீபத்துக்கு முன்னாடி பிரிச்சுப் பார்த்தா பச்சையா பூஞ்சணம். அந்தக் கடலையில அஃப்லடாக்சின்னு ஒரு நஞ்சு உண்டாகும். ஈரலைக் கெடுக்கும். எண்ணெய் ஆட்ட முடியாது. புண்ணாக்கா மாட்டுக்குப் போட்டா பாலுலயும் அந்த நஞ்சு வரும். குழி வெட்டிப் புதைச்சேன். அடுத்த பட்டத்துக்கு வெதையைக் காசு குடுத்து வாங்கினேன்.

ஷெட்டு போட்டவரைக் கூப்பிட்டேன். வந்தாரு, ஜன்னலைச் சுத்தி ரெண்டு டியூப் சிலிக்கான் அடிச்சாரு, போயிட்டாரு. பங்குனி வெயில்ல அது வெடிச்சுத் தோலா உரிஞ்சுச்சு.

ஏன் உரியாது? 6 மீட்டர் இரும்புத் தகடு 40 டிகிரி சூடு ஏறினா கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும், ராத்திரி திரும்பச் சுருங்கும். அதுல மாட்டியிருக்கிற அலுமினிய ஜன்னல் சட்டம் அதைப் போல ரெண்டு மடங்கு நீளுற சாதி. தினம் தினம் ரெண்டும் இழுபறி நடத்தற எடத்துல மெல்லிசா ஒரு கோடு பசை தடவி, அது நிக்கணும்னா எப்படி நிக்கும்? போதாக்குறைக்கு புளிச்ச காடி வாசனை அடிக்கிற சிலிக்கானைத்தான் சல்லிசுன்னு அடிக்கிறாங்க. அந்தக் காடி துத்தநாகப் பூச்சைத் தின்னும். ஒழுகலை அடைக்கிறேன்னு துருவுக்கு வழி பண்றோம்.

எங்க அப்பா காலத்துல கூரை வேயறப்ப எதைப் பசை வெச்சாங்க? இறவாணத்துல ஆரம்பிச்சு மேல மேல வேய்ஞ்சுகிட்டே போவாங்க. மேல் வரிசை கீழ் வரிசை மேல படுத்திருக்கும். நாட்டு ஓடும் அப்படித்தான். தண்ணியை யாரும் தடுக்கல, வெளிய போற வழியைக் காட்டிவிட்டாங்க. தகரத்துக்கும் அதே விதிதான். அதை மறந்துட்டு கட்டிங் வீலால ஷீட்டுல ஒரு பொத்தல் போட்டு, ஜன்னலைச் சொருகி, நாலு பக்கமும் பசை அடிக்கிறோம். ஷீட்டு மேடும் பள்ளமுமா இருக்கு, சட்டம் நேரா இருக்கு. நடுவுல விரல் போற சந்து. அதை டியூபா அடைக்கும்?

அடைக்க வேண்டியது ஃபிளாஷிங் தகடு. ஷீட்டு மடிக்கிற கடையில அதே தகட்டுல மடிச்சுத் தருவாங்க. கீழிருந்து மேலே போடணும். முதல்ல ஜன்னலுக்கு அடியில ஒரு தகடு. வெளிப்பக்கம் சரிவா இருக்கணும், உள்பக்கமும் ரெண்டு ஓரமும் தட்டு மாதிரி மேல மடிஞ்சிருக்கணும், முன்விளிம்பு கீழ் ஷீட்டு மேல இறங்கணும். அப்புறம் ரெண்டு பக்கத் தகடு, அதுங்க கால் அடித் தகட்டுக்குள்ள வந்து நிக்கணும். கடைசியா தலைத் தகடு. இதுதான் உசுரு. அதோட மேல் மடிப்பு மேல் ஷீட்டுக்குப் பின்னால போகணும், கீழ் மடிப்பு சட்டத்துக்கு முன்னால நீட்டிச் சொட்டணும். ரெண்டு பக்கமும் ஜன்னலைத் தாண்டி ரெண்டு அங்குலம் இருக்கட்டும். மேடு பள்ளத்துக்கு அதே வடிவத்துல ஃபோம் பட்டை வரும், அதை வைங்க. சிலிக்கான் வேண்டாம்னு சொல்லல. காடி வாசனை இல்லாத வகையா வாங்கி, தகட்டுக்குப் பின்னால ரெண்டாவது காவலா வைங்க. முதல் காவலா நிறுத்தாதீங்க.

இன்னொரு கூத்து. தள்ளு ஜன்னலோட அடித்தடத்துல வெளிய பார்த்துச் சின்ன ஓட்டை இருக்கும், உள்ள வந்த தண்ணி வெளிய போக. அதையும் சேர்த்து சிலிக்கானால அடைச்சுடறாங்க! தண்ணி தடத்துல நிரம்பி வீட்டுக்குள்ள வழியுது. அப்புறம் “தகர வீடே சரியில்லை”ன்னு பேச்சு.

கதவுக்கும் இதே கதைதான். என் ஷெட்டுல சுவர் ஷீட்டைத் தரை மேல நிறுத்தியிருந்தாங்க. ஷீட்டுல வழியற தண்ணி நேரா தரைக்கு வந்து உள்ள நுழையும். ஷீட்டு, தரையோட வெளி ஓரத்தைத் தாண்டி ஒரு அங்குலமாவது கீழ தொங்கணும். வாசப்படி உசரமா இருக்கணும், வெளித்தரை வெளியப் பார்த்துச் சரியணும், கதவு வெளிப்பக்கம் தொறக்கட்டும், தலைக்கு மேல ஒரு சாய்ப்பு வேணும்.

சாய்ப்புன்னா நம்ம பட்டணத்து ஆளுங்களுக்கு ஆகாது. “மலை மறையுதுண்ணே”ன்றாங்க. எங்க ஊரு மலைக்கு மேற்கால இருக்கு. மலையைப் பார்க்கிற ஜன்னல் கிழக்கைப் பார்க்கும். வடகிழக்குப் பருவமழை வந்து அடிக்கிறதும் அந்தப் பக்கம்தான். இறவாணமே இல்லாம அங்க கண்ணாடி வெச்சுட்டு மழையைக் குத்தம் சொல்லி என்ன பண்றது? ரெண்டடி சாய்ப்பு போட்டா மலை எங்கயும் ஓடிடாதுங்க.

“இதெல்லாம் செலவாச்சே”ன்னு கேப்பீங்க. அப்புறமா ஷீட்டைக் கழட்டி ஒரு ஜன்னலுக்கும் ஒரு கதவுக்கும் தகடு போட எனக்குக் கூலியோட கிட்டத்தட்ட 4,000 ரூபா ஆச்சு. முதல்லயே போட்டிருந்தா அதுல பாதிதான். புதைச்ச கடலையோட விலையை நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

ஷெட்டு போடறவங்களை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்ல. சதுர அடிக்கு எவ்வளவுன்னு மட்டும் கேட்டு, யார் கம்மியா சொல்றாங்களோ அவங்ககிட்ட குடுக்கறது நாமதான். நானும் அப்படித்தான் குடுத்தேன். கொட்டேஷன்ல ஃபிளாஷிங் தனி வரியா இருக்கான்னு பாருங்க. கடைசித் தவணை குடுக்கறதுக்கு முன்னாடி ஹோஸ் பைப்பைப் புடிச்சு, ஜன்னலுக்குக் கீழ ஆரம்பிச்சு மெதுவா மேல மேல தண்ணி அடிங்க. எந்த எடத்துக்கு வந்தப்ப உள்ள நனையுதோ அங்கதான் ஓட்டை. அதைச் சரி பண்ணிட்டு வந்து காசு வாங்கிக்கச் சொல்லுங்க.

தகடு போட்டதுக்கப்புறம் வந்த மழையில என் ஷெட்டுக்குள்ள ஒரு சொட்டு இறங்கல. ஆனா மூட்டையை இன்னும் ஜன்னலுக்குக் கீழ அடுக்கறதில்ல, பலகை போட்டு நடுவுலதான் வெக்கிறேன். பட்ட பயம் அவ்வளவு சீக்கிரம் போகாது.