பத்து வயதில் ஒரு தரப்படுத்தல்

தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் தலைமுறைக்கு இன்றும் உடம்பு பதறும். 1970இல் மருத்துவ பீடத்துக்குள் நுழையச் சிங்கள மொழி மூல மாணவனுக்கு 229 புள்ளி போதும், தமிழ் மொழி மூல மாணவனுக்கு 250 வேண்டும் என்றார்கள். அந்த 21 புள்ளிக்காக நாங்கள் ஊர்வலம் போனோம், வகுப்புகளைப் பகிஷ்கரித்தோம். அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் சொல்லத் தேவையில்லை.

அதே நாங்கள் அகதிகளாக ஜேர்மனிக்கு வந்து, பிள்ளைகளைப் பத்து வயதில் தரம் பிரிக்கும் ஒரு பாடசாலை முறையிடம் வாய் திறவாமல் ஒப்படைத்தோம். போகப் போக அந்தத் தரம் பிரிப்பைக் கொண்டாடவும் பழகிக்கொண்டோம். இதைத்தான் எழுத வந்தேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

லண்டனிலும் பாரிசிலும் ரொறொன்ரோவிலும் இருக்கும் வாசகர்களுக்காக முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பப் பாடசாலைக்கு இங்கே கிறுண்ட்சூலே என்று பெயர். ஆறு வயதில், தன் உயரத்தில் பாதி உயரமான ஒரு கூம்புப் பை நிறைய இனிப்போடு பிள்ளை அங்கே போய்ச் சேரும். பேர்லினிலும் பிராண்டன்பேர்க்கிலும் ஆறு வகுப்புகள். மற்ற மாநிலங்களில் நான்கே நான்கு. ஒரு வகுப்பாசிரியர்தான் டொச் மொழி, கணிதம், எங்கள் ஊர்ச் சுற்றாடற் பாடம் போன்ற ஒன்று என்று பெரும்பகுதியைப் படிப்பிப்பார். பெரும்பாலும் அவரே இரண்டு வருடமோ நான்கு வருடமோ அந்த வகுப்போடு கூட வருவார். சுற்றாடற் பாடத்தில் காடு, தண்ணீர், உடம்பு, ஊர்ப் படம் எல்லாம் வரும். நாலாம் வகுப்பில் பொலிஸ்காரர் வந்து சைக்கிள் ஓட்டப் பழக்கிச் சோதனை வைப்பார். நாங்கள் இருக்கும் நோர்ட்றைன்-வெஸ்ற்பாலன் மாநிலத்தில் முதல் இரண்டு வருடமும் இலக்கப் புள்ளி கிடையாது. பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று வசனத்தில் எழுதித் தருவார்கள்.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? எங்கள் ஊர் அரிவரி வகுப்பில் பிரம்பும் வாய்ப்பாடும்தான் பாடத்திட்டம். அதோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம். என் மகன் மூன்று வருடம் சிரித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனான்.

நாலாம் வருடத்தில்தான் சிரிப்பு நின்றது. அந்த வருட நடுவில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பரிந்துரை எழுதுவார். கிம்னாசியம் போனால் பல்கலைக்கழகம். றியால்சூலே போனால் அலுவலகம், தாதி வேலை, நடுத்தரத் தொழில்கள். ஹவுப்சூலே போனால் கைத்தொழில், அதுவும் கிடைத்தால். எல்லாரும் சேர்ந்து படிக்கும் கெசாம்ற்சூலே என்று ஒன்றும் உண்டு, அந்த ஊரில் இருந்து, இடமும் இருந்தால். பவேரியாவில் இதைத் தசமத்திலேயே கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். டொச், கணிதம், சுற்றாடல் மூன்றிலும் சராசரி 2.33 வந்தால் கிம்னாசியம். 2.66 வந்தால் றியால்சூலே. ஜேர்மனியில் 1தான் அதியுயர் புள்ளி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பால் பல்லு முழுவதும் விழுந்து முடியாத பிள்ளையின் வாழ்க்கைக்கு இரண்டு தசமத் தானம்!

1996இல் எங்கள் முறை வந்தது. நான் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி விடிய நாலு மணிக்கு எழும்பி அலுவலகங்கள் துப்பரவு செய்யப் போவாள். இருவருக்கும் வேலைக்குத் தேவையான டொச் மட்டும் தெரியும். ரீச்சரைச் சந்திக்க மூவருமாகப் போனோம். மூன்றாவது ஆள், மொழிபெயர்ப்பாளர், என் மகன். வயது பத்து.

ரீச்சர் நல்ல மனுசி. இதை நான் வஞ்சகமில்லாமல் சொல்கிறேன். நிறைய நேரம் மெதுவாகப் பேசினா. மகன் எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னான்: "அப்பா, நான் நல்ல பிள்ளையாம். கையால செய்யிற வேலையெல்லாம் வடிவாச் செய்யிறனாம். எனக்கு ஹவுப்சூலேதான் நல்லதாம். அங்க போனா நான் கஷ்டப்பட மாட்டனாம்."

மனைவி கேட்டாள்: "டொக்டருக்குப் படிக்கிறவையும் அங்கேயோ தம்பி படிக்கிறவை?"

அவன் அதை மொழிபெயர்க்கவில்லை. தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு "ஓம் அம்மா" என்றான். நான் கையெழுத்து வைத்தேன்.

தன்னைத் தரம் பிரித்த தீர்ப்பைத் தானே எங்களுக்கு வாசித்துக் காட்டிய பிள்ளை அவன். எங்கள் மனம் நோகக் கூடாது என்று பொய்யும் சொன்னான். அவனுக்கு டொச் போதாது என்றுதான் அந்தத் தாளில் எழுதியிருந்தது!

இரண்டு வருடம் கழித்து என்னோடு வேலை செய்த ஒரு துருக்கிக்காரர் சொல்லித்தான் மற்றது தெரியவந்தது. எங்கள் மாநிலத்தில் அன்று ரீச்சர் எழுதியது ஆலோசனை மட்டுமே. முடிவெடுக்கும் உரிமை பெற்றோருடையது. அந்த உரிமையை 2006இல் பறித்து, 2010இல் திருப்பிக் கொடுத்தார்கள். பாடன்-வூற்றம்பேர்க் 2012இல் பெற்றோரின் விருப்பமே முடிவு என்றது, 2025இல் மறுபடியும் கடிவாளம் போட்டுவிட்டது. உரிமை இருந்த காலத்தில் அது எனக்கு இருந்ததென்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் சொன்னால் அது சட்டம் என்று நினைக்கும் ஊரிலிருந்து வந்தவன் நான்.

இனி அந்த நாலு வருடம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். முதலாம் உலகப் போர் முடியும்வரை வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் காசு கட்டித் தனி ஆயத்த வகுப்புகளில் படித்துவிட்டு நேரே கிம்னாசியம் போனார்கள். ஏழைப் பிள்ளைக்கு வேறு பள்ளிக்கூடம். 1920இல் வைமார் குடியரசு ஒரு சட்டம் இயற்றி, முதல் நாலு வருடமும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்க வேண்டும் என்றது. அந்த நாளில் அது பெரிய வெற்றி. கூடக் கேட்டவர்களுக்கும் ஒன்றுமே தர விரும்பாதவர்களுக்கும் இடையில் நடந்த சமரசம்தான் அந்த நாலு. குழந்தையின் மூளையை ஆராய்ந்து கண்டுபிடித்த எண் அல்ல. 1947இல் ஜேர்மனியை ஆண்ட நேச நாடுகளின் கட்டுப்பாட்டுச் சபை, பள்ளிக்கூடங்களை ஒன்றன்மேல் ஒன்றான படிகளாக, எல்லாருக்கும் பொதுவாக அமைக்கச் சொன்னது. மேற்கு ஜேர்மனி பழைய பாதைக்கே திரும்பியது. நூறு வருடத்துக்கு முந்திய சமரசத்தை இன்று இயற்கை விதி போல எங்களுக்குப் போதிக்கிறார்கள்.

நாலு வருடத்தைவிட மோசமானது நேர அட்டவணை. என் மகன் படித்த காலத்தில் பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடிந்துவிடும். மீதிப் பாடம் வீட்டுப்பாடமாக வீட்டுக்கு வரும். அதாவது, பகல் முழுவதும் வீட்டில் இருக்கும், டொச் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒரு தாயை இந்தப் பாடத்திட்டம் சம்பளமில்லாத ஆசிரியையாக நியமித்திருந்தது. அந்த ஆசிரியை எங்கள் வீட்டில் இல்லை. என் மனைவி அந்த நேரம் இரண்டாவது வேலைக்குப் போயிருப்பாள். பிள்ளை சோற்றைத் தானே சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு, விளங்காத கேள்விக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். நாலாம் வகுப்பில் ரீச்சர் அளந்தது அவனுடைய மூளையையா, எங்கள் வீட்டின் பின்னேரத்தையா?

எங்கள் மாநிலத்தில் 2003இலிருந்து பின்னேரமும் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் பள்ளிகள் வரத் தொடங்கின. 2021இல் இயற்றிய சட்டம், 2026 ஓகஸ்டிலிருந்து முதலாம் வகுப்பில் தொடங்கி முழுநாள் பராமரிப்பைப் பிள்ளையின் உரிமையாக்குகிறது. எங்கள் தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தாடி நரைக்கத் தொடங்கிய பிறகு!

இது என் வயிற்றெரிச்சல் மட்டுமல்ல. 2001 டிசம்பரில் பீசா ஆய்வின் முடிவு வந்தபோது, பெற்றோரின் நிலைமை பிள்ளையின் வாசிப்புத் திறனை மிக இறுக்கமாகப் பிடித்திருக்கும் நாடுகளில் முன்வரிசையில் நின்றது ஜேர்மனி. நாலாம் வகுப்பை ஆராய்ந்தவர்கள், ஒரே அளவு வாசிக்கத் தெரிந்த இரண்டு பிள்ளைகளில் படித்த வீட்டுப் பிள்ளைக்கே கிம்னாசியப் பரிந்துரை கிடைக்கும் வாய்ப்புக் கூட என்று கண்டார்கள். 2006இல் ஐக்கிய நாடுகளின் கல்வி உரிமைக்கான சிறப்பு அறிக்கையாளர் வேர்னோர் முனோஸ் இங்கே வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு இளவயதில் பிரிப்பதை மறுபரிசீலனை செய்யச் சொன்னார். 2010 ஜூலையில் ஹம்பேர்க் நகரம் ஆரம்பப் பள்ளியை ஆறு வருடமாக்க முயன்றது. சட்டசபையில் இருந்த கட்சிகள் எல்லாம் ஆதரித்தன. மக்கள் வாக்கெடுப்பில் தோற்றது. வசதியான பகுதிகளில் ஆட்கள் திரண்டு வந்து வாக்களித்தார்கள். யாருடைய பிள்ளைகளுக்கு அந்த இரண்டு வருடம் அதிகம் தேவையோ, அவர்களில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்த பெற்றோருக்கு வாக்கே இல்லை.

"கைத்தொழில் என்ன கேவலமா? நீர் இன்னும் டொக்டர், எஞ்சினியர் கனவிலேயே இருக்கிறீர்" என்று சிலர் கேட்பார்கள். என் மகன் ஹவுப்சூலே முடித்து, வீடுகளுக்கு ஹீற்றிங் பூட்டும் தொழில் பழகி, மைஸ்ரர் சோதனையும் பாஸ் பண்ணினான். இன்று மூன்று பேருக்கு வேலை கொடுக்கிறான். என்னைவிடக் கூடச் சம்பாதிக்கிறான். அவனுடைய வேலையில் எனக்குப் பெருமைதான். ஆனால் அதை அவன் தெரிவு செய்யவில்லை. பத்து வயதில் அவனுக்கு வெள்ளிகளைப் பற்றிய புத்தகங்கள் என்றால் பைத்தியம். பதினாறு வயதில் தெரிவு செய்ய விட்டிருந்தாலும் ஹீற்றிங்கைத்தான் எடுத்திருப்பான் என்று யாராவது எனக்கு நிரூபித்தால் இந்தக் கட்டுரையை வாபஸ் வாங்குகிறேன்.

இப்போது எங்கள் பக்கம். இந்த அநியாயத்தை நாங்கள் ஏன் இவ்வளவு இலகுவாக விழுங்கினோம்? ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை எங்களுக்கு ஊரிலேயே பழக்கம். கன்னங்கராவின் இலவசக் கல்வியோடு, கிராமத்து ஏழைப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளுக்கு எடுக்க வந்த நல்ல ஏற்பாடு அது. நான் படித்த சின்னப் பள்ளிக்கூடத்தில் அது என்ன ஆனது தெரியுமா? கெட்டிக்காரர் ஆறு பேரை முன்வாங்கில் இருத்தி, பின்னேரமும் மறித்து வைத்துப் படிப்பித்தார்கள். மற்றவர்கள் பள்ளித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். நான் முன்வாங்கில் இருந்தவன். தண்ணீர் ஊற்றியவர்களைப் பற்றி ஜேர்மனிக்கு வரும்வரை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

வந்த இடத்திலும் அதையே செய்தோம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களைத் தொடங்கினோம். கிழமைக்கு இரண்டு மூன்று மணித்தியாலம், குளிரில், சம்பளமில்லாமல் ஆட்கள் வந்து படிப்பித்தார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் எப்படி ஒழுங்கு பண்ணினோம்? வகுப்பு ஏற்றம், வருடச் சோதனை, புள்ளி, முதலாம் பரிசு, மேடை, வீடியோ. பன்னிரண்டு வயதில் தமிழ் படிக்க வந்த பிள்ளையை ஏழு வயதுப் பிள்ளைகளோடு இருத்தினோம். மூன்றாம் சனிக்கிழமை அந்தப் பிள்ளை வராது. நானும் ஆறு வருடம் படிப்பித்தவன். சிவப்புப் பேனையால் புள்ளி போட்ட கை இது. தாய்மொழியில் ஒரு பிள்ளையைப் பெயிலாக்கிய பிறகு, பிள்ளைகளுக்குத் தமிழில் அக்கறை இல்லை என்று கூட்டத்தில் பேசியவர்களில் நானும் ஒருவன்.

கொண்டாட்ட வீடுகளில் இன்னும் கேட்கிறார்கள்: "உங்கட பிள்ளை கிம்னாசியமோ?" ஓம் என்றால் அடுத்த கேள்வி வரும். இல்லை என்றால் கதை மாறிவிடும். கிம்னாசியம் போன பிள்ளைகளின் பட்டியலை வைத்துத்தான் எங்கள் சமூகம் முன்னேறிவிட்டது என்று மலர் வெளியிடுகிறோம். மற்றப் பிள்ளைகளின் படம் அந்த மலரில் இல்லை.

செய்யக் கூடியவை உண்டு. ரீச்சரைச் சந்திக்கப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். டொச் தெரிந்த இளையவர்கள் இதற்கென்று முன்வர வேண்டும், சங்கங்கள் இந்த வேலையை ஒழுங்கு பண்ண வேண்டும். எழுதித் தரும் தாள் ஆலோசனையா கட்டளையா என்று கேட்ட பிறகே கையெழுத்து வையுங்கள். தமிழ்ப் பள்ளிகளில் குறைந்தது முதல் நாலு வருடமாவது சோதனையையும் பரிசையும் நிறுத்துங்கள். இன்று எங்களில் பலருக்கு ஜேர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது, வாக்கு இருக்கிறது. ஆறு வருடப் பொது வகுப்பைக் கேட்கும் கட்சி எது என்று ஒரு தேர்தலிலாவது கேட்போம்.

என் பேத்தி இப்போது மூன்றாம் வகுப்பு. போன மாதம் மகன் வந்து, அவளை ரியூசனுக்குச் சேர்க்கப் போவதாகச் சொன்னான். கிழமைக்கு இரண்டு நாள், கணிதமும் டொச்சும். "அவள் சின்னப்பிள்ளை, விடு தம்பி" என்றேன்.

"நீங்கள் சொல்லாதேங்கோ அப்பா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு மேசையில் கிடந்த படிவத்தை எடுத்து, கடைசி எழுத்துவரை வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தான்.