முண்டியம்பாக்கத்தில் முழுமையான இரத்தவியல் பிரிவு வேண்டி அனுமந்தை மக்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
உப்பளத் தொழிலாளர் மற்றும் மீனவர் குடும்பங்களின் சங்கம்,
அனுமந்தை, மரக்காணம் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.
வழி: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், விழுப்புரம்.

பொருள்: முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முழுமையான இரத்தவியல் பிரிவு அமைத்தல் – மரக்காணம் கடலோர மக்களுக்கு இரத்த நோய்ச் சிகிச்சை கிடைக்கச் செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நாங்கள் உப்பளத்திலும் கடலிலும் தினக்கூலிக்கு உழைப்பவர்கள். மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை இல்லை. அந்த மாதங்களுக்கு அரசு நிவாரணம் வழங்குவதை நன்றியுடன் குறிப்பிடுகிறோம். மற்ற மாதங்களில் வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. கை முறிந்தால் சில வாரங்களில் கூடிவிடும். இரத்த நோய் அப்படியல்ல. அது வந்த வீட்டில், நோயாளியும் துணைக்குப் போகிறவரும் மாதாமாதம், சிலர் ஆயுள் முழுவதும், மருத்துவமனைக்கு நடக்க வேண்டியிருக்கிறது.

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக் கூடம் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அதை வேலூர் சி.எம்.சி. 1986 முதலே செய்து வருகிறது. கடுமையான ஹீமோபீலியா உள்ள 5 பேருக்கு அதே மருத்துவமனை மரபணுச் சிகிச்சை அளித்து, கண்காணித்த காலம் வரை ஒருவருக்கும் இரத்தக் கசிவு ஏற்படவில்லை என்ற செய்தி 2024 டிசம்பரில் வெளியானது. தமிழ்நாட்டு மருத்துவம் அந்த உயரத்தைத் தொட்டிருப்பதில் எங்களுக்கும் பெருமை உண்டு. நாங்கள் கேட்பது அன்றாட வேலை: இரத்தப் பூச்சைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லும் ஆள், அலமாரியில் தயாராக இருக்கும் மருந்து, சொன்ன நாளில் கிடைக்கும் இரத்தம்.

முதலில் அந்தக் கண்ணாடித் தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்று போனால் "ரத்தம் கம்மி" என்று இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது. பெரும்பாலோருக்கு அது சரியான மருந்துதான். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்த சோகை இருக்கிறது. ஆனால் இத்தனை பேருக்கு இருப்பதாலேயே, அதற்குள் ஒளிந்திருக்கும் வேறு நோய் கண்ணில் படாமல் போய்விடுகிறது. மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிய பிறகு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்துகொண்ட குடும்பம் எங்கள் நடுவில் உண்டு. இரத்தப் புற்றுநோயிலேயே ஏ.பி.எல். என்றொரு வகை இருக்கிறது. கண்டறிந்த முதல் சில நாட்களிலேயே இரத்தக் கசிவால் உயிரைப் பறிக்கக்கூடியது அது. பூச்சைப் பார்த்துச் சந்தேகம் வந்த அன்றே ஏ.டி.ஆர்.ஏ. மாத்திரையைத் தொடங்கி, முறையாகச் சிகிச்சையைத் தொடர்ந்தால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். பூச்சைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதில்தான் அங்கே உயிர் நிற்கிறது.

ஹீமோபீலியா உள்ள பிள்ளைக்கு மூட்டில் இரத்தம் கசிந்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் உறைவுக் காரணி ஊசி போட வேண்டும். தாமதம் திரும்பத் திரும்ப நேர்ந்தால் முழங்கால் மடங்காமலே போய்விடும். அனுமந்தையிலிருந்து முண்டியம்பாக்கம் போக மரக்காணம், திண்டிவனம் வழியாக வேண்டும், அல்லது புதுச்சேரியைச் சுற்ற வேண்டும். இரவில் பேருந்து இல்லை. ஆகவே உறைவுக் காரணி மரக்காணம் அரசு மருத்துவமனையில் இரவு பகல் எந்நேரமும் இருப்பில் இருக்க வேண்டும். அதைப் போடத் தெரிந்த செவிலியரும் அங்கே வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போட்டாலே போதும் என்னும் எமிசிசுமாப் மருந்து தகுதியுள்ள பிள்ளைகளுக்கு இங்கேயே கிடைத்தால், அவர்கள் பள்ளிக்கூடம் தடையின்றிப் போவார்கள்.

தலசீமியா குழந்தைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை சிவப்பணு ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உடலில் சேருகிறது. அதை வெளியேற்றும் மாத்திரை தவறினால் இதயமும் கல்லீரலும் கெடும். இந்தக் குழந்தைகளுக்குத் திண்டிவனம் அரசு மருத்துவமனையில் நாள் குறித்து இரத்தம் ஒதுக்குமாறும், அதே நாளில் மாத்திரையும் வழங்குமாறும் வேண்டுகிறோம். கொடையாளர்களைத் திரட்டித் தரும் பொறுப்பை எங்கள் சங்கம் ஏற்கிறது.

எங்களில் பலர் இப்போது புதுச்சேரி ஜிப்மருக்குச் செல்கிறோம். அங்குள்ள மருத்துவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. ஆனால் 2008 முதல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக இருக்கும் அந்த மருத்துவமனைக்குப் பல மாநில மக்களும் வருகிறார்கள். விழுப்புரம் மாவட்டத்தின் அன்றாடச் சுமையையும் அதன் தலையிலேயே ஏற்றுவது முறையாகாது. 2010 முதல் முண்டியம்பாக்கத்தில் நமக்கென்று ஒரு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இரத்தவியலில் உயர்சிறப்புப் பட்டம் பெற்ற மருத்துவர், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை வசதி, வாரந்தோறும் நாள் குறித்த புறநோயாளர் பிரிவு ஆகிய மூன்றும் சேர்ந்த பிரிவு அங்கே வேண்டும். கல்லூரியில் கேட்பதற்குக் காரணம் உண்டு. அங்கே பூச்சு பார்க்கப் பழகும் மாணவர்தான் நாளை மரக்காணத்திலோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எங்கள் முன் மருத்துவராக உட்காரப் போகிறார்.

எங்கள் வட்டாரத்துப் பழங்குடிகளான இருளர் குடும்பங்களைத் தனியே குறிப்பிட விரும்புகிறோம். அரிவாள் அணு நோயின் தன்மை நீலகிரிப் பழங்குடிகளிடம் இருப்பது 1952-லேயே கண்டறியப்பட்டது. மத்திய அரசு அதற்கான ஒழிப்பு இயக்கத்தை 2023 ஜூலையில் தொடங்கியது. கடலோர இருளர் குடியிருப்புகளிலும் பரிசோதனை முகாம் நடத்தி, யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதைத் தெரிவிக்குமாறு கேட்கிறோம். முடிவை அவர்கள் கையில் அட்டையாகத் தர வேண்டும். ஏட்டில் மட்டும் எழுதி வைப்பதால் பயனில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஹீமோபீலியா, தலசீமியா, அரிவாள் அணு நோய் மூன்றையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இது எங்கள் ஊரில் பாதிக்கப்பட்டோர் பலருக்கே தெரியாது. சான்றிதழ் வழங்கும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரு முறையாவது மரக்காணத்துக்கு வந்து முகாம் நடத்த ஆவன செய்ய வேண்டும்.

பாதிக்கப்பட்ட குடும்பங்களின் ஒப்புதலுடன் அவர்களின் சிகிச்சைக் குறிப்புகளைத் தனி உறையில் இணைத்துள்ளோம். அவற்றை மறைவாகக் காக்க வேண்டுகிறோம். இம்மனு குறித்து நேரில் பேச ஒரு நாள் ஒதுக்கினால், மழை தொடங்கும் முன் எந்த நாளானாலும் நோயாளிகளின் பெற்றோருடன் வரத் தயாராக இருக்கிறோம். உப்பு வாரும் நாளானாலும் வருவோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
அனுமந்தை.

நகல்: முதல்வர், அரசு மருத்துவக் கல்லூரி, முண்டியம்பாக்கம்; தலைமை மருத்துவ அலுவலர், அரசு மருத்துவமனை, மரக்காணம்.