கருவி யார் வயிற்றைப் பார்த்துப் படித்தது?

கர்ப்பிணியின் ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால், அவளுக்குச் சர்க்கரை வருமா வராதா என்று முன்கூட்டியே கணித்துவிடலாமாம். நஞ்சுக்கொடியின் தோற்றம், வயிற்றுக் கொழுப்பின் கனம் என்று டாக்டர் கண்ணுக்குத் தப்புவதையும் செயற்கை நுண்ணறிவு பிடித்துவிடும் என்கிறார்கள். பிடிக்கட்டும். விஞ்ஞானத்தின் மேல் நமக்கென்ன கோபம்?

ஆனால் கருவி தானாக எதையும் அறிவதில்லை. பழைய படங்களையும், அந்தப் பெண்களுக்குப் பிற்பாடு சர்க்கரை வந்ததா என்ற பதிவையும் சேர்த்துப் படித்துத்தான் கணிக்கிறது. மூணாம் மாசமே நல்ல மெஷினில் படம் எடுத்து, பிரசவம்வரை ஒரே ஆஸ்பத்திரிக்குப் போய்வர முடிகிறவள் யார்? வயித்தைத் தள்ளிக்கிட்டு நடவுக்குப் போற சேரிப் பொம்பள அந்தப் படக்குவியலில் எத்தனை பேர்?

அமெரிக்காவில் எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று கணித்த ஒரு முறையை ஆராய்ந்து 2019இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அது நோயை அளக்கவில்லை, மருத்துவச் செலவை அளந்தது. கறுப்பர்களுக்கு ஆன செலவு குறைவு. எனவே அவர்களுக்கு நோயும் குறைவு என்று கணக்குப் போட்டது. வங்கியில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கிற எனக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. கடன் வாங்கிக் கட்டிய பதிவு இல்லை, அதனால் கடன் இல்லை. கடனே தராமல் பதிவு எங்கிருந்து வரும்?

இங்கே சோதிக்க வழி இல்லாமலும் இல்லை. டாக்டர் வி. சேஷையா வலியுறுத்திய முறை எளிமையானது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கவேண்டும். அளவு 140ஐத் தொட்டால் சர்க்கரை. வெறும் வயிறோடு வரவேண்டியதுகூட இல்லை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை என்று தமிழக அரசு 2007இலேயே சொல்லிவிட்டது. அந்த ரெண்டு மணி நேரத்தில் போவது அரைநாள் கூலி. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கண்டுபிடித்த பிறகு கையில் கொடுக்கிற உணவுச் சீட்டைப் பாருங்கள். சோத்தைக் குறை, பால், முட்டை, பயறு, பனீர். ரேஷனில் சும்மா கிடைப்பதோ அரிசி. மாவுச்சத்தே இல்லாத, நம்ம வீட்டுக்குக் கட்டுப்படியாகிற மாட்டுக்கறியை நான் பார்த்த எந்தச் சீட்டிலும் காணோம். எழுதினால் பேனா தீட்டுப்பட்டுவிடுமா?

மெஷினைக் கொண்டுவருகிறவர்கள் அது படித்த படங்கள் எந்த ஊர், எந்தச் சனம் என்று சொல்லட்டும். சேரிப் பெண்களிடம் எத்தனை முறை தவறியது என்று தனியே கணக்குக் காட்டட்டும். சாதி கேட்பது நாகரிகமில்லை என்று நழுவவேண்டாம். அதுவரைக்கும், குளுக்கோஸ் குடிக்க வருகிறவளுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள்.