திக்குபவரே தீர்ப்புச் சொல்லட்டும்!

"டாக்டர், நாக்கில் வசம்பு தடவினால் திக்கல் போயிடுமா?" என்று சித்த வைத்தியனான என்னிடம் கேட்பவர்கள் இன்றும் உண்டு. போகாது! திக்கல் நாக்குத் தடிப்பால் வருவதல்ல. மூளை பேச்சை ஒருங்கிணைக்கும் விதத்திலும் பரம்பரையிலும் அதற்கு வேர் இருக்கிறது. பெரியவர்களில் சுமார் 100-க்கு ஒருவருக்கு இந்தச் சிரமம் உண்டு. கைகொடுப்பது பேச்சுப் பயிற்சிதான்.

அந்தப் பயிற்சி இப்போது இன்டர்நெட் வழியாக வீட்டுக்கே வருகிறது. நல்ல விஷயம்தான். ஆஸ்திரேலியாவின் 'கேம்பர்டவுன்' பயிற்சியையே பாருங்களேன். மெதுவாக இழுத்துப் பேசும் ஒரு மாதிரியைக் கேட்டு, அதுபோலப் பேசிப் பழக வேண்டும். தன் திக்கலுக்குத் தானே மார்க் போட வேண்டும். 2010-ல் வெளியான ஆய்வில் 40 பேரில் பாதிப் பேர் நேரிலும், மீதிப் பேர் டெலிபோன் மூலமும் கற்றார்கள். 9 மாதம் கழித்துப் பார்த்தால், இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை!

ஆனால், சொல்லித்தர ஆளே இல்லாமல் இன்டர்நெட் பாடத்தை மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016-ல் வந்தது. அதில் எல்லாப் படிகளையும் தாண்டியவர்கள் சிலரே. மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தால் என்ன, பாதியில் நிறுத்தினால் பலன் ஏது?

அதனால்தான் சொல்கிறேன்... இப்படியொரு பாடத்தை விற்பதற்கு முன், திக்குபவர்கள் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்த இடத்தில் தடுமாறுகிறார்? எங்கே வெறுத்துப்போய் மூடி வைக்கிறார்? 'உங்கள் பெயரைச் சொல்லுங்கள்' என்று கேட்டுவிட்டு ஐந்தே நொடியில் மைக் அணைந்தால் எப்படி? திக்குபவர் பலருக்குத் தன் பெயரைச் சொல்வதுதானே மலை! ஒரே ஹால் உள்ள வீட்டில், எல்லோர் காதிலும் விழ உரக்கப் பயிற்சி செய்ய அவருக்குக் கூச்சமாக இருக்காதா? இதெல்லாம் கம்ப்யூட்டர் எழுதியவருக்குத் தோன்றாது. திக்குபவர் ஒரே நாளில் சொல்லிவிடுவார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிப் பணம் கட்டப் போகிறீர்களா? முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். திக்குபவர்களை வைத்துச் சோதித்தீர்களா? அவர்கள் சொன்னதைக் கேட்டு எதை மாற்றினீர்கள்? நடுவில் சந்தேகம் வந்தால் பேச ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் இருக்கிறாரா? பதில் வரவில்லையென்றால், அல்லது 'பத்தே நாளில் பூரண குணம்' என்று பதில் வந்தால், பர்ஸை மூடிவிடுங்கள்!