மூன்றில் எது?

ராஜபாளையத்தில் காலையில் எடுக்கும்போது காருக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் மட்டும் குலுங்கும். ரோட்டில் வேகம் பிடித்ததும் அடங்கிவிடும். திரும்பி வந்து ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் நெரிசலில் நின்றால் ஸ்டீயரிங் வரைக்கும் நடுக்கம். செக் இன்ஜின் லைட் வேறு எரிந்தது. "மிஸ் அடிக்குது சார். மூணு பிளக், மூணு காயில், இன்ஜெக்டர் கிளீனிங், மொத்தமா பாத்துருவோம்" என்றார் ஒரு பட்டறைக்காரர். டீக்கடையில் தீர்ப்பு வேறு: பெட்ரோலில் எத்தனால் கலந்ததுதான் காரணமாம்.

எத்தனாலை நான் விடுதலை செய்துவிட்டேன். டேங்க் ஒன்றுதான், பெட்ரோல் கெட்டிருந்தால் மூன்று சிலிண்டரும் சேர்ந்து திணற வேண்டும். இதுவோ மூன்றில் ஓர் அடி விட்டுப்போகிற குலுக்கல்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்கும் மூன்று சிலிண்டர்தான், 796 சிசி. அந்தக் காலத்து மெக்கானிக்குகள் ஐட்லிங்கில் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள். நல்ல சிலிண்டரின் வயரை எடுத்தால் இன்ஜின் இன்னும் தடுமாறும். எந்த வயரை எடுத்தபோது சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. இப்போது பிளக்கின் தலையிலேயே, பொறிக்கு மின்சாரம் தரும் காயில் உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது அதைக் கழற்றினால் ஷாக் அடிக்கலாம், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். செக் லைட் மின்னி மின்னி எரிந்தால் வண்டியை ஓரங்கட்டச் சொல்வதும் இதனால்தான்.

அந்த மெக்கானிக்குகளின் காது செய்த வேலையில் பாதியை இன்று ஸ்கேனர் செய்கிறது. 2013 ஏப்ரலில் இந்தியாவில் பிஎஸ்-4 மாசுத்தரக் கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட். புளூடூத் அடாப்டரைச் செருகினால் போனில் எரர் எண் வரும். பி0301, பி0302, பி0303 என்றால் கடைசி இலக்கம்தான் சிலிண்டர். எங்களுக்கு வந்தது பி0302.

எண் இடத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. இதை மறந்துதான் பலர் காசைக் கரைக்கிறார்கள். பொறி வராமல் இருக்கலாம், இன்ஜெக்டர் பெட்ரோல் விடாமல் இருக்கலாம், கம்ப்ரஷன் இறங்கியிருக்கலாம். எலி வயரைக் கடித்திருக்கலாம். அதை முதலில் பார்க்க வேண்டும். (ராஜபாளையம் நாய் பன்றி வேட்டைக்குப் பேர்போனது. பானட்டுக்குள் புகும் எலியை அது சட்டை செய்வதில்லை.)

வயர் நன்றாக இருந்தது. இன்ஜின் ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு, இரண்டாவது காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதை இரண்டாவதிலும் மாற்றிப் போட்டேன். கழற்றிய கையோடு பிளக்கையும் பார்த்தேன். பிஸ்கட் நிறமாக இருந்தால் சுகம். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எண்ணெய் வழிந்தால் பட்டறைதான் வழி. இரண்டாவதில் கரி. பதிவான எரரை அழித்துவிட்டு, அதே ரோட்டில், அதே வெயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் நிறுத்தி எடுத்தோம். வீட்டு வாசலில் நின்று ரேஸ் கொடுத்துப் பார்த்திருந்தால் ஒன்றும் பிடிபட்டிருக்காது. குலுக்கல் வந்தது, போனில் பி0303. காயிலோடு கோளாறும் இடம் மாறிவிட்டது. மாறாமல் பி0302 என்றே நின்றிருந்தால் அடுத்து பிளக், பிறகு இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரஷன்.

நிறுத்தி எடுத்தால் மட்டும் ஏன் குலுங்கியது? ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றும் தண்ணீர்ச் சுற்றும் உண்டு. நிறுத்தியதும் இரண்டும் நின்றுபோக, இன்ஜினில் தேங்கிய சூடு காயிலுக்கு ஏறுகிறது. உள்ளே இன்சுலேஷன் விரிசல் விட்டிருந்தால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும். வேகத்தில் காயில் கொஞ்சம் ஆறும். தவிர, இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது ஓர் அடி தவறினாலும் உடம்புக்குத் தெரியாது.

ஒரே ஒரு காயில்தான் மாற்றினேன். பட்டறைக்காரர் ஒப்பவில்லை. "மத்த ரெண்டுக்கும் அதே வயசுதான சார்?" நியாயமான கேள்வி. டிக்கியில் உபரியாக ஒரு காயிலும் 10 எம்எம் ஸ்பானரும் கிடக்கின்றன.